ரூபாய்க்கு எத்தனை படி?

தை பிறந்தால் எங்கள் குழுவில் ஒரு சண்டை உறுதி. அறுத்த சம்பா நெல்லைக் களத்திலேயே போட்டுவிடலாமா, காயவைத்து நாலைந்து மாதம் கழித்து விற்கலாமா என்பதுதான் சண்டை. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே மூன்று ஊர்களைச் சேர்ந்த பதினாறு பேர் நாங்கள். கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, கொஞ்சம் கருப்புக் கவுனி போடுகிறோம். இந்த வருடம் பேச்சு முற்றிய நேரத்தில் எங்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார்:

"எங்க தாத்தா காலத்துல ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி சார். வெள்ளைக்காரன் காலத்துலயே விவசாயி ராஜா மாதிரி இருந்தான். இப்பதான் இந்தக் கதி."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் கேட்டேன்: "அண்ணே, உங்க தாத்தா அந்த அரிசிய வாங்கினாரா, வித்தாரா?"

"நமக்கு எதுக்கு வாங்கணும்? ஏழு ஏக்கர் இருந்துச்சே. வித்தாருதான்."

"அப்போ ஒரு ரூபா காசக் கண்ணால பாக்க எட்டுப் படி அளந்து போட்டிருக்காரு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பேங்க்காரன், எதையும் திருப்பித்தான் கேப்பே" என்றார். அது உண்மைதான். ஆனால் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கக் கற்றுக்கொடுத்தது வங்கி இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, மழைக்காலத்தில் வயலில் வேலை இல்லாத நாட்களில், புறநகர் ரயிலேறி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய விலைப் பட்டியல்களைப் புரட்டும் பழக்கம் எனக்கு வந்தது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

பட்டியல் தலைகீழாக நிற்கும்

இன்று நாம் ஒரு கிலோ இத்தனை ரூபாய் என்று சொல்கிறோம். சரக்கு நிலையாக நிற்கும், பணம் ஏறி இறங்கும். நூறு ஆண்டுக்கு முந்தைய அரசாங்கப் பட்டியல் அப்படி இருக்காது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாவற்றுக்கும் ஒரு ரூபாய்க்கு இத்தனை சேர் என்றுதான் எழுதியிருப்பார்கள். பணம் நிலையாக நிற்கும், சரக்கு ஏறி இறங்கும். ஆகவே பட்டியலில் எண் குறைந்தால் விலை ஏறிவிட்டது என்று பொருள். இதைக் கவனிக்காமல் வாசித்து, பஞ்ச வருடத்தில் விலை சரிந்ததாக நினைத்துக்கொண்டு நானே ஒரு முழு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை பட்டியலில் இருந்து எடுத்த எண்கள் இல்லை, புரிந்துகொள்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. தை மாதம் ரூபாய்க்கு 10 சேர் அரிசி. ஆடியில் 8 சேர். எண் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. விலை எவ்வளவு ஏறியது? ரூபாய்க்கு 16 அணா. தையில் ஒரு சேர் 1.6 அணா, ஆடியில் 2 அணா. ஏற்றம் கால் பங்கு, அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து.

இப்போது ஒரு சிறு விவசாயியை இந்தக் கணக்குக்குள் நிற்க வையுங்கள். ஆடியில் வீட்டில் தானியம் தீர்ந்துவிட்டது. ஒரு ரூபாய் கைமாற்று வாங்கி 8 சேர் அரிசி வாங்குகிறார். கொடுத்தவர் நல்ல மனிதர், வட்டியே வேண்டாம் என்கிறார். தையில் அந்த ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுக்க அவர் 10 சேர் விற்க வேண்டும். வட்டி இல்லாத கடனுக்கே நூற்றுக்கு இருபத்தைந்து வட்டி கட்டியாகிவிட்டது. நடப்பில் வட்டியும் உண்டு. தானியமாகக் கடன் வாங்கினால் அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றேகால், ஒன்றரை என்று அளக்கும் வழக்கம் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. பட்டியலில் உள்ளது கடைத்தெரு சில்லறை விலை. களத்து மேட்டில் விவசாயிக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு.

'ரூபாய்க்கு இத்தனை படி' என்பது வாங்கித் தின்பவர் பேசுகிற பேச்சு. ஊரில் பெரும்பாலோர் வாங்கித் தின்பவர்கள் என்பதால் அதுவே எல்லோர் நினைவிலும் நின்றுவிட்டது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எவ்வளவு பெரிய அலையைக் கிளப்பியது என்பதை என் வயதுக்காரர்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பார்கள். அதில் தவறேதும் இல்லை, பசித்தவர்கள் கேட்டது. ஆனால் விளைவித்தவர் தன் பக்கக் கேள்வியை, படிக்கு எத்தனை அணா என்பதை, எங்கேயும் கேட்டதாகத் தெரியவில்லை.

படி என்றால் எந்தப் படி?

அடுத்த குழப்பம் அளவில். பட்டியலில் வரும் சேர் அரசாங்கச் சேர், 80 தோலா, நம் கணக்கில் சுமார் 933 கிராம். அத்தகைய 40 சேர் ஒரு மணங்கு, அதாவது 37 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் சென்னை மாகாணத்து வியாபாரி மணங்கு என்று சொன்னது 8 வீசையை. ஒரு வீசை 120 தோலா, 1.4 கிலோ. ஆக இந்த மணங்கு 11 கிலோ சொச்சம்தான். ஒரே பெயர், ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்குக்கு மேல். நெல்லுக்கு எடையே கிடையாது, முகத்தல் அளவுதான்: எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், நானூறு மரக்கால் ஒரு கரிசை. இது பட்டணத்து வாய்ப்பாடு. ஊருக்கு ஊர் படி மாறும். படி மாறாத ஊரிலும் கை மாறும். தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா? வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தட்டியும் அளந்தால், விலையைத் தொடாமலே லாபம் பார்க்கலாம்.

லின்லித்கோ பிரபு தலைமையில் 1926இல் அமைந்த ராயல் வேளாண்மை ஆணையம் 1928இல் கொடுத்த அறிக்கையில் இந்த அளவுக் குழப்பமும் சந்தைக் கழிவுகளும் விரிவாகவே பேசப்பட்டன. தரகு, கூலி, தர்மம், மாதிரி என்று ஆளாளுக்கு ஒரு பிடி அள்ளுவதை நிறுத்த ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்றது ஆணையம். சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் சந்தை. பெயரைப் பாருங்கள், வணிகப் பயிர். பருத்தியும் நிலக்கடலையும் புகையிலையும் முதலில் சட்டத்துக்குள் வந்தன. நெல் விளைவித்தவர் வியாபாரியின் மரக்காலுக்கு முன்னால்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் இன்றும் 75 கிலோ மூட்டை என்று பேசிவிட்டு, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒன்றிரண்டு கிலோ கூடுதலாக வைத்துத் தைக்கிறார்கள். தராசு மின்னணுத் தராசு. மரக்கால் போய்விட்டது, குவிப்பு மட்டும் போகவில்லை.

பொன்னேரி நெல்லுக்கு ரங்கூனில் விலை

பொன்னேரிச் சந்தை விலை பொன்னேரியில் முடிவானதில்லை. சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாக ரயில் 1856இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. வடக்கே கும்மிடிப்பூண்டி வழியாகப் பெஜவாடா வரை 1899இல் பாதை திறந்தது. கிழக்கே பழவேற்காட்டை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய். 1876-78 பஞ்சத்தில் பிழைக்க வந்த ஜனங்களின் கையால் வெட்டி இணைத்த கால்வாய் அது. நெல்லூர்ப் பக்கத்து அரிசியும் விறகும் உப்பும் அதில் படகேறிப் பட்டணத்துக்கு வந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலே கடல் வழியாக ரங்கூன் அரிசி. ஐராவதி டெல்டாவில் நம் செட்டிநாட்டார் கொடுத்த கடனில் விரிந்த வயல்கள் விளைவித்த அரிசி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. மழை பொய்த்தால் அது பட்டணத்துக்குச் சோறு போட்டது. நன்றாக விளைந்த வருடத்தில் நம் நெல்லின் விலையை அமுக்கியது.

கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 1918 காட்டியது. முதல் உலகப் போரில் கப்பல்கள் இல்லை, அந்த வருடம் மழையும் இல்லை. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், துணி எல்லாம் ஒன்றாக ஏறின. மே முதல் செப்டம்பர் வரை மாகாணம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கடைகளும் தானிய வண்டிகளும் சூறையாடப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரமே அந்தக் கலவரத்தைப் பார்த்தது. விலை அவ்வளவு ஏறிய வருடத்தில் விவசாயி கொழுத்திருக்க வேண்டுமே? மாதத்தைப் பாருங்கள். சம்பா அறுத்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. சிறு விவசாயியின் நெல் அப்போது அவர் வீட்டில் இல்லை. ஏறிய விலை, நெல்லை வைத்திருக்க முடிந்தவருக்குப் போனது. மற்றவர்கள் தாங்கள் விற்ற நெல்லையே அரிசியாக வாங்க வரிசையில் நின்றார்கள்.

பத்து ஆண்டு கழித்து நிலைமை நேர் எதிர். 1927இல் ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டம் போட்டு உயர்த்திக் கட்டினார்கள். வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் நிலக்கடலைக்கும் பருத்திக்கும் ரூபாய்க் கணக்கில் கிடைப்பது அதனால் குறைந்தது. 1929இல் உலகப் பெருமந்தம் தொடங்கியது. நாலே ஆண்டில் நெல் விலை ஏறக்குறைய பாதியானது. பர்மா அரிசி போதாதென்று சயாமிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் நொய்யரிசி வந்து இறங்கியது. விவசாயிகள் கூச்சல் போட்ட பிறகு 1935இல் நொய்க்கு மணங்குக்கு 12 அணா இறக்குமதி வரி போட்டார்கள். (இது 37 கிலோ மணங்கு. 11 கிலோ என்று நினைத்து வாசித்தால் வரி மூன்று மடங்காகத் தெரியும். அளவைப் பற்றி மேலே அவ்வளவு நீட்டி எழுதியது இதற்காகத்தான்.)

'ரூபாய்க்கு எட்டுப் படி' என்ற பெருமையெல்லாம் இப்படிப்பட்ட மலிவுக் காலங்களில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும். தானியம் மலிவாகக் கிடைத்தது. ஆனால் கடன் மலியவில்லை. சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு 1930இல் மாகாணத்துக் கிராமக் கடனை 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935இல் சத்தியநாதன் அறிக்கை அதை 200 கோடி என்றது. ரூபாயில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. நெல்லில் அளந்து பாருங்கள். விலை பாதியாகிவிட்டதால், அந்தக் கடனை அடைக்க அளக்க வேண்டிய நெல் இரண்டரை மடங்குக்கும் மேலே போய்விட்டது. 1931க்குப் பிறகு கிராமத்துத் தாலியும் காப்பும் உருகிக் கப்பலேறி லண்டனுக்குப் போனதற்குக் காரணம் இதுதான். 1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து, 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களின் நிலுவை வட்டியைத் தள்ளியது. அதற்குள் எத்தனை பட்டா கைமாறியிருக்கும்!

கிஸ்தியும் மார்ச் 31ம்

இந்த விலைகளை அரசாங்கம் இவ்வளவு சிரத்தையாக ஏன் எழுதி வைத்தது? பஞ்சத்தை முன்கூட்டியே அறிய என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் தீர்வை. ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில் வரியை இப்படிக் கணக்கிட்டார்கள்: ஒரு ஏக்கரில் என்ன விளையும் என்று மதிப்பிடுவது, பஞ்ச வருடங்களைத் தள்ளிவிட்டு இருபது வருட விலையின் சராசரியால் அதைப் பெருக்குவது, சாகுபடிச் செலவைக் கழிப்பது, மிச்சத்தில் பாதியை அரசாங்கத்துக்கு என்று வைப்பது. முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறு செட்டில்மென்ட். விலை ஏறியிருந்தால் வரியும் ஏறும். பட்டியலில் ஒரு எண் மாறினால் பேரன் காலத்துத் தீர்வை மாறியது.

அந்தக் கணக்கில் ஒரு வரியைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சராசரி விலையை அப்படியே எடுக்காமல், வியாபாரியின் லாபத்துக்கும் வண்டிக் கூலிக்கும் என்று அதில் ஒரு பங்கைக் கழித்தார்கள். சந்தை விலை வேறு, களத்து விலை வேறு என்பதை வரி வாங்குகிற வெள்ளைக்கார அதிகாரியே ஏட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறான்! ஒப்புக்கொண்டு விட்டு, கிஸ்தித் தவணையை மட்டும் அறுவடையை ஒட்டிய மாதங்களிலேயே வைத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வேண்டும், அப்போதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்ட முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை என்னவாகும் என்பதற்குப் பட்டியலைப் பார்க்கவே வேண்டாம்.

வெள்ளைக்காரனைச் சொல்லிவிட்டு நான் நழுவ முடியாது. தொண்ணூறுகளில் இதே மாவட்டத்தில் ஒரு கிளையில் நான் வேளாண் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கிக்கு வருடம் மார்ச் 31இல் முடியும். வசூல் விழுக்காடு மேலே போக வேண்டும் என்று பிப்ரவரியிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மதியம் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒரு அம்மாவின் களத்துக்குப் போனேன். நெல் பொலி போட்டுக் கிடந்தது. வியாபாரி சாக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"சித்திரை கழியட்டும் சார். இப்ப போட்டா ஒண்ணும் நிக்காது. வச்சிக் கொடுத்துட்றேன், எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றார் அந்த அம்மா.

நான் தேதியைச் சொன்னேன். அவர் வியாபாரியைப் பார்த்துத் தலையசைத்தார். மூட்டை தைத்து, பணம் கைமாறி, புளிய மரத்தடியிலேயே ரசீது போட்டுக் கொடுத்தேன். ஆடியில் அவர் புதுக்கடனுக்கு வந்தார். படிவத்தில் 'திருப்பிச் செலுத்தும் ஒழுங்கு: மிக நன்று' என்று நான்தான் எழுதினேன். அவர் வீட்டுக்கு அன்று அரிசி எங்கிருந்து வந்தது என்று படிவத்தில் கேள்வி இல்லை, நானும் கேட்கவில்லை. எழும்பூரில் கிஸ்தித் தவணை பற்றிப் படித்த அன்று திரும்பி வரும் ரயிலில் பொன்னேரி தாண்டும்வரை அந்தப் புளிய மரம்தான் கண்ணில் நின்றது.

இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. பிரெடரிக் நிக்கல்சன் ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களைப் பார்த்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. மாகாணத்தின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் அந்த ஆகஸ்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் பதிவானது. அதே 1904இல் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கியது. கடன் வாங்க ஒரு சங்கம், அரிசி வாங்க ஒரு சங்கம். இரண்டுக்கும் நடுவே நெல்லை விற்க ஒரு சங்கம் அந்த வருடம் யாருக்கும் தோன்றவில்லை. விற்பனைச் சங்கங்கள் பிற்பாடு மெல்லத்தான் வந்தன.

துண்டுக்கு அடியில் மாட்டு விலை

மாட்டு விலையைத் தேடிப் போனால் பட்டியல் கைவிடும். 1919-20இலிருந்து கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எத்தனை மாடு என்று தெரியும், என்ன விலைக்கு மாறியது என்பதைத் தானியம் மாதிரி தொடர்ச்சியாகப் பார்க்க முடியாது. ஒரு சேர் அரிசி இன்னொரு சேர் அரிசி மாதிரி இருக்கும். ஒரு மாடு இன்னொரு மாடு மாதிரி இருக்காது. பல், சுழி, நடை, கொம்பு, ஏரில் எந்தப் பக்கம் பூட்டிப் பழகியது என்று எல்லாமே விலை. பேரமோ துண்டுக்கு அடியில், தரகர் விரலைப் பிடித்து நடப்பது. வேலூருக்குப் பக்கத்தில் பொய்கைச் சந்தையில் இன்றைக்கும் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாத விலையை எந்தத் தாசில்தார் எழுதுவார்?

ஆனால் மாட்டு விலை எப்படி நகரும் என்பதற்கு ஏடு தேவையில்லை. மழை பொய்த்தால் வைக்கோல் இல்லை. ஊரே மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும். வாங்க ஆள் இல்லை. தானிய விலை ஏறுகிற அதே மாதத்தில் மாட்டு விலை விழும். இதையும் ஒரு ஊகக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். நல்ல வருடத்தில் உழவு ஜோடி 80 ரூபாய், அரிசி ரூபாய்க்கு 10 சேர். ஜோடியை விற்றால் 800 சேர் கிடைக்கும். வறட்சியில் ஜோடி 40 ரூபாய், அரிசி 5 சேர். இப்போது கிடைப்பது 200 சேர். இரண்டு விலையும் பாதிப் பாதிதான் நகர்ந்தது, குடும்பத்தின் கையில் நின்றது கால்வாசி. மழை பெய்ததும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஏர் பூட்ட மாடு வேண்டும். விலை எகிறும். விற்றவரால் திருப்பி வாங்க முடியாது. ஒரு வறட்சி சொந்த ஏர் வைத்திருந்தவரைக் கூலிக்காரராக்கியது பெரும்பாலும் இந்த வழியில்தான். வைக்கோல் போர் என்பது வெறும் தீவனம் இல்லை, மாட்டை விற்காமல் காத்திருக்கக் கையில் இருந்த ஒரே காப்பீடு அது. இப்போது அறுவடை இயந்திரம் மிதித்துப் போட்ட வைக்கோலைக் கட்டுக் கட்டிக் களத்திலேயே விற்றுவிடுகிறோம்.

ஒரு சின்ன விலகல். எங்களுக்கு வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் பழைய நெல்லூர் மாவட்டம். அங்கிருந்து போன ஓங்கோல் இன மாடுதான் பிரேசிலில் 'நெலோரே' என்ற பெயரில் பெருகிக் கிடக்கிறது. அதில் ஒரு பசுவை 2023இல் 40 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புப் போட்டு ஏலம் விட்டார்கள். எங்கள் ஊரில் உழவு ஜோடி இப்போது இல்லவே இல்லை. சிப்காட் வந்த பிறகு கும்மிடிப்பூண்டி டீக்கடையில் ஒருவர் விலை கேட்டால் அது சென்ட் விலைதான். நெல் என்ன விலை என்று கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இந்தத் தையில் செய்தது

சண்டைக்குத் திரும்புகிறேன். இவ்வளவையும் படித்துவிட்டு 'வைத்து விற்போம்' என்று நான் குதித்திருப்பேன் என்று நினைக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் குதித்தேன். கவுனியைச் சரியாகக் காயவைக்காமல் அடுக்கி, பங்குனிக்குள் பூஞ்சையும் வண்டும் பிடித்து, ஐந்து மூட்டை கோழிக்குப் போனது. தப்பு என்னுடையது. வைத்து விற்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

களத்தில் 17 விழுக்காடு ஈரத்தில் இருக்கும் நெல்லை, நாலைந்து மாதம் வைக்க 13க்குக் கொண்டுவர வேண்டும். 100 கிலோ 95.4 கிலோவாகும். ஆக நூற்றுக்கு நாலரைக்கு மேல் அங்கேயே போச்சு. ஐந்து மாதத்துக்கு வருட வட்டி 7 என்றால் கிட்டத்தட்ட 3. எலி, வண்டு, சாக்கு, கூலி என்று ஒன்றிரண்டு. விலை நூற்றுக்கு ஒன்பது பத்து ஏறினால்தான் கைக்குக் கை. அதற்கு மேலே ஏறினால்தான் காத்திருந்ததற்குக் கூலி. சாதாரண ரக நெல்லுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. 2025-26க்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டால் 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை சேர்த்து 2,500. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைத்தால் 17 விழுக்காடு ஈரத்திலேயே போட்டுவிட்டு வருவதுதான் புத்தி. பாரம்பரிய ரகத்துக்கு அந்த விலையில் ஒன்றும் இல்லை. அதை அரிசியாக்கித்தான் விற்க வேண்டும், பழைய நெல்லின் அரிசிக்குத்தான் மதிப்பும் கூடுதல். அங்கே காத்திருக்கலாம்.

காத்திருக்க முடியாதவர் என்ன செய்வார்? பள்ளிக் கட்டணம், நகைக் கடன், பயிர்க்கடன் தேதி எல்லாம் தையிலும் மாசியிலும்தான் கழுத்தைப் பிடிக்கும். பழைய வேலையின் பாவத்துக்காவது ஒரு விஷயம் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிசான் கடன் அட்டை உள்ள சிறு, குறு விவசாயிகள், அங்கீகாரம் பெற்ற கிடங்கில் விளைபொருளை வைத்து அந்த ரசீதின் மேல் கடன் வாங்கினால், அறுவடைக்குப் பின் ஆறு மாதம் வரை பயிர்க்கடனுக்கு உள்ள அதே சலுகை வட்டி உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடனும் இருக்கிறது. கிளையில் 'அப்படி ஒண்ணும் இல்லையே' என்பார்கள். நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், சுற்றறிக்கையைப் படிக்காமலே. கையில் தாளோடு போங்கள்.

நாங்கள் சின்ன அளவில் ஒன்று செய்தோம். குழுவின் சேமிப்பிலிருந்து, இப்போதே பணம் தேவைப்பட்ட நாலு பேருக்கு, அவர்கள் நெல்லின் இன்றைய மதிப்பில் பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். ஒவ்வொருவரும் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைக் களத்திலேயே விற்றோம். மிச்சத்தை இரண்டு வெயில் கூடுதலாகப் போட்டு, ஈரம் பார்க்கும் கருவியில் 13க்குக் கீழே காட்டிய பிறகே மரச்சட்டத்தின் மேல் அடுக்கினோம். நொச்சியும் வேம்பும் இடையிடையே. ஒரு நோட்டும் போட்டிருக்கிறோம். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, மூன்று விலை எழுதுவோம்: எங்கள் களத்தில் வியாபாரி கேட்கும் விலை, செங்குன்றம் மண்டி விலை, கும்மிடிப்பூண்டி கடையில் அதே அரிசியின் விலை. பக்கத்தில் அது எந்த எடை, என்ன ஈரம், சாக்கோடா இல்லாமலா என்பதும். எழுதும் பொறுப்பு எட்டாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு. பெரியவர்கள் எழுதினால் தங்களுக்குப் பிடித்த விலையை எழுதிவிடுகிறோம்.

'எட்டுப் படி' சொன்ன அண்ணனின் நெல் பதினோரு மூட்டை உள்ளே இருக்கிறது. முன்பணம் வாங்கிய நாலு பேரில் அவரும் ஒருவர். போன வெள்ளிக்கிழமை நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "களத்துக்கும் கடைக்கும் இவ்ளோ வித்தியாசமா?" என்றார். அரிசியாக்கும் கூலி, உமி, தவிடு, நொய் எல்லாம் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று சொல்லி, அந்தக் கணக்கையும் அடுத்த பக்கத்தில் போட்டுக் காட்டினேன். கழித்த பிறகும் வித்தியாசம் இருந்தது. ஆடி முதல் வெள்ளியன்று மூட்டையைப் பிரிப்பதாக நோட்டில் எழுதி, பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.